மூணு நூல் பல்

போன வியாழக்கிழமை விழுப்புரத்தில் ஒரு கல்யாண மண்டபத்துக்குப் போயிருந்தேன். வாசலில் முந்தின நாள் கட்டிய வாழைமரம் பாதி வாடி நின்றது. மேடையில் மணமக்கள் உட்காரும் சிவப்பு வெல்வெட் சோபா அப்படியே இருந்தது. ஆனால் அதில் மாப்பிள்ளையும் இல்லை, பெண்ணும் இல்லை. பள்ளிச் சீருடையில் ஒரு சிறுமி சாய்ந்து உட்கார்ந்து, வாயை அகலத் திறந்துவைத்து, மேலே சுற்றும் ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு டாக்டரம்மா அவள் வாய்க்குள் டார்ச் அடித்துக்கொண்டிருந்தார்.

கீழே பிளாஸ்டிக் நாற்காலிகளில் குடும்பம் குடும்பமாக ஜனம். தலைக்கு மேலே ஜரிகைக் காகிதத்தில் 'நல்வரவு'.

பல் சீரமைப்புத் தேர்வு முகாம். பல்லுக்குக் கம்பி கட்டுவார்கள், தெரியுமில்லையா... கிளிப்? அதை அரசுச் செலவில் செய்துவிடுவதற்குப் பிள்ளைகளைத் தேர்ந்தெடுக்கிறார்கள். எல்லோருக்கும் கிடைக்காது. விதி இருக்கிறது. மேல்வரிசை முன்பல், கீழ்வரிசையைத் தாண்டி ஆறு மில்லிமீட்டருக்கு மேல் துருத்திக்கொண்டு இருக்க வேண்டும். சரியாக ஆறு என்றால் அது அழகுப் பிரச்சினை, சொந்தச் செலவு. ஆறுக்கு மேல் ஒரு மயிரிழை போனாலும் அது மருத்துவப் பிரச்சினை, அரசுச் செலவு. பதினான்கு வயது முடிந்திருக்கவும் கூடாது.

மண்டபத்தில் எனக்கு என்ன வேலை? சொல்கிறேன்.

திண்டிவனத்தில் என் வீட்டுச் சுற்றுச்சுவரைக் கட்டியவர் அந்தோணி. கொத்தனார். அவர் மனைவி லூர்து மேரி மல்லாட்டை மண்டியில், அதாவது வேர்க்கடலை மண்டியில், சொத்தைப் பருப்பைப் பொறுக்கும் வேலை செய்கிறார். ஒரே மகள் ஜெனிபர், எட்டாம் வகுப்பு. இன்னும் இரண்டு மாதத்தில் அவளுக்குப் பதினான்கு முடிகிறது.

வகுப்பில் அவளுக்கு வைத்திருக்கும் பெயர் 'தேங்கா துருவி'. ஐந்தாம் வகுப்பில் ஒருத்தி வைத்தது. அவள் பள்ளிக்கூடம் மாறிப் போய்விட்டாள், பெயர் மாறவில்லை. ஜெனிபர் பேசும்போது வலது கை தானாக வாய்க்குப் போகும். இந்த வருடம் அந்தக் கையும் வேண்டாம் என்று பேசுவதையே நிறுத்திவிட்டாள். பதில் தெரிந்தாலும் எழுந்திருப்பதில்லை. 'வகுப்பில் வாய் திறப்பதில்லை' என்று டீச்சர் நோட்டில் எழுதி அனுப்பியிருந்தார். பள்ளிக்கூடத்தில் பிள்ளை வாய் திறக்கவில்லை என்று புகார் வருவது உலக அதிசயம்!

அதற்குப் பிறகுதான் அந்தோணி விண்ணப்பம் போட்டார். ஒரே மாதத்தில் பதில் வந்தது.

'புகைப்படத்தின்படி பல்வரிசை சீராக உள்ளது. சிகிச்சை தேவையில்லை.'

அந்தோணி கடிதத்தை என்னிடம் கொண்டுவந்து நீட்டினார். "சார், சீரா உள்ளதுன்னா இன்னா சார் அர்த்தம்? நல்லா இருக்குதுன்னா?"

"ஆமாம்."

"எம் பொண்ணுக்கா?"

விண்ணப்பத்தின் நகலை வாங்கிப் பார்த்தேன். 'பற்கள் தெரியும்படி எடுத்த வண்ணப் புகைப்படம்' என்ற கட்டத்தில் ஜெனிபர் சிரித்துக்கொண்டிருந்தாள். பற்பசை விளம்பரத்துக்கு அனுப்பலாம். அச்சடித்த மாதிரி பல்வரிசை. நிறமும் ரெண்டு மடங்கு ஏறியிருந்தது.

விஷயம் புரிந்துவிட்டது. பஸ் ஸ்டாண்ட் பக்கத்து ஸ்டூடியோவுக்கு இரண்டு பேரும் நடந்தோம்.

ஸ்டூடியோ செல்வத்தை எனக்கு நன்றாகத் தெரியும். கேட்காமலேயே திருத்திக் கொடுப்பவர். மரு இருந்தால் எடுத்துவிடுவார், கழுத்து கோணல் என்றால் நிமிர்த்துவிடுவார். ஆதார் ஆனாலும் சரி, அஞ்சலி போஸ்டர் ஆனாலும் சரி. இந்தப் பத்தியின் மேலே இருக்கும் என் படம்கூட அவர் எடுத்ததுதான். நேரில் பார்க்கும் வாசகர்கள் ஏன் ஒரு கணம் தயங்குகிறார்கள் என்று இப்போது புரிகிறதா?

"இன்னாங்க செல்வம் இது?" என்று அந்தோணி படத்தைக் காட்டினார்.

"ஏன், நல்லாதான இருக்குது?"

"நல்லா இருக்குது. அதான் பேஜாரு."

செல்வத்துக்கு விளங்கவில்லை. நான் விளக்கினேன். அவர் முகம் வாடியது. தப்பு செய்ததற்காக அல்ல. நன்றி இல்லாத உலகத்தைப் பார்த்து.

"சார், பொம்பளப் புள்ள போட்டோ. தூக்கன பல்லோட அப்படியே பிரின்ட் போட்டுக் குடுத்தா நாளைக்கு எவன் என் கடைக்கு வருவான்? நாலு நிமிஷம் உக்காந்து ஒவ்வொரு பல்லா உள்ள தள்ளிகினு இருந்தேன். அதுக்குன்னு தனியா ஏதாச்சும் கேட்டனா?"

அரசாங்கம் இரண்டு வருடம் கம்பி கட்டிச் செய்யப்போகிற வேலையை அவர் நாலு நிமிடத்தில் முடித்துவிட்டார். பிரச்சினை ஒன்றுதான்... காகிதத்தில் முடித்துவிட்டார்.

மேல்முறையீடு எழுதிக் கொடுத்தேன். பத்திரிகையில் இத்தனை வருடம் இருந்தும், 'இணைக்கப்பட்ட புகைப்படத்தில் இருப்பது என் மகளே ஆயினும் பற்கள் அவளுடையவை அல்ல' என்ற வாக்கியத்தை எழுத வேண்டி வரும் என்று நினைத்ததில்லை. நேரில் வரச்சொல்லிக் கடிதம் வந்தது. இதுதான் கடைசி முகாம். அடுத்தது நடக்கும்போது ஜெனிபருக்கு வயது தாண்டியிருக்கும்.

"நீங்க பேப்பர்ல எழுதுறவரு. சும்மா கூட வந்து நில்லுங்க சார், போதும்" என்றார் அந்தோணி.

பஸ்ஸில் ஜன்னலோரம் ஜெனிபர். நடுவில் லூர்து மேரி, உபதேசம் செய்தபடி.

"டாக்டரம்மா கேட்டா இன்னா சொல்லணும்?"

"கடிக்க முடியல."

"அப்புறம்?"

"மெல்ல முடியல."

"அந்தப் பையில இன்னாடி?"

ஜெனிபர் பையைக் கையால் பொத்திக்கொண்டாள். சீருடைப் பையில் வறுத்த மல்லாட்டை. மண்டி வீட்டுப் பிள்ளை, பை காலியாக இருந்தால்தான் ஆச்சரியம். ஓட்டோடு வாயில் போட்டால் ஓடு தனியாக, பருப்பு தனியாகப் பிரிந்து வரும். அந்த முன்பல்லால் இந்த உலகத்தில் ஏதாவது நன்மை உண்டென்றால் அது இதுதான்.

"டாக்டரம்மா எதுருல ஒண்ணு வாயில போட்ட... அவ்ளோதான். மெல்ல முடியாத புள்ளையா இதுன்னு அப்படியே வெளிய அனுப்பிடுவாங்க."

விக்கிரவாண்டி டோல்கேட்டில் பஸ் ஊர்ந்தபோது அந்தோணி என் பக்கம் சாய்ந்தார். "சார், நீங்க ஒண்ணும் கவலப்படாதீங்க. நானே அளந்துட்டேன்."

"எதை?"

"பல்ல. மூணு நூலு."

நூல் என்பது கொத்தனார், ஆசாரி கணக்கு. ஒரு இஞ்சுக்கு எட்டு நூல். போனை எடுத்துக் கணக்குப் போட்டேன். மூன்று நூல் என்றால் ஒன்பதரை மில்லிமீட்டர். ஆறுக்கு வெகு மேலே.

"எப்படி அளந்தீங்க?"

"ஞாயித்துக்கெழம கோயில் முடிஞ்சி வந்து, பிரியாணி துன்னுட்டு மத்தியானம் படுத்து தூங்கிகினு இருந்தா. சத்தம் போடாம ஸ்கேல வெச்சிப் பாத்துட்டேன்."

"பெத்த பொண்ணு பல்ல, செவுரு மாதிரி அளந்துகினு இருக்கறாரு சார் இந்த மனுசன்" என்றார் லூர்து மேரி.

ஜெனிபர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். தோள் மட்டும் குலுங்கியது. சிரிக்கிறாள் என்று நினைக்கிறேன். முகம் தெரியவில்லை.

மண்டபத்தில் எங்களுக்கு முன்னால் கெடாரிலிருந்து வந்த ஓர் அம்மா. பக்கத்தில் அவர் மகள்.

"உங்க பொண்ணுக்கு இன்னா?" என்று விசாரித்தார் கெடார் அம்மா.

"முன்பல்லு தூக்கினு இருக்குது" என்றார் லூர்து மேரி.

"அவ்ளோதானா? எம் பொண்ணுக்குப் பல்லு மேல பல்லு. ரெண்டு அடுக்கு. காட்டுடி."

மகள் காட்டினாள். நிஜமாகவே இரண்டு அடுக்கு. லூர்து மேரியின் முகத்தில் பொறாமை தெரிந்தது.

"எம் பொண்ணுக்கு ஒதடே மூடாதுங்க. தூங்கசொல்ல கொசு உள்ள பூந்துடும்."

"எம் பொண்ணு தோச துன்னா சட்னி வெளிய வந்துடும்."

யோசித்துப் பாருங்கள். பெண்ணைப் பெற்ற நாளிலிருந்து 'பல்லக் காட்டாத' என்று அதட்டுகிற தாய்மார்கள். கல்யாண வீட்டில் போட்டோ எடுத்தால் 'வாய மூடு' என்று கிள்ளுகிறவர்கள். அதே கல்யாண மண்டபத்தில் உட்கார்ந்து, என் பெண்தான் மோசம், இல்லை என் பெண்தான் மோசம் என்று சத்தியம் செய்துகொண்டிருந்தார்கள். மண்டபத்துச் சுவருக்குக் காது இருந்தால் மயங்கி விழுந்திருக்கும்.

"ஜெனிபர், திண்டிவனம்!"

மேடை ஏறினோம். ஜெனிபர் வெல்வெட் சோபாவில் உட்கார்ந்தாள். டாக்டரம்மா கோப்பைத் திறந்தார். படத்தைப் பார்த்தார். ஜெனிபரைப் பார்த்தார். மறுபடி படம்.

"இது யாரு?"

"எம் பொண்ணு மேடம்" என்றார் லூர்து மேரி.

"அப்போ இது?" – சோபாவைக் காட்டி.

"இதுவும் எம் பொண்ணுதான்."

டாக்டரம்மா மேற்கொண்டு விசாரிக்கவில்லை. அன்று காலையிலிருந்து எத்தனை அதிசயத்தைப் பார்த்திருப்பாரோ... சின்ன ஸ்டீல் ஸ்கேலை எடுத்தார். "கடிம்மா. பின்பல்லு ரெண்டும் சேர்ற மாதிரி. ம்ம்." ஸ்கேலை வைத்தார். "ஆறு."

"ஆறுக்கு மேலங்களா மேடம்?" என்றார் அந்தோணி.

"ஆறு."

"மூணு நூலு இருக்குதுங்களே."

"என்னது?"

"நூலு மேடம். நான் அளந்தேன்."

"நீங்க என்ன வேலை செய்யறீங்க?"

"கொத்தனார் மேடம்."

"எவ்வளவு நாளா பல்லு அளக்கறீங்க?"

"பல்லு இப்பதான் மேடம். மத்ததெல்லாம் இருவது வருசமா."

டாக்டரம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு இன்னொரு முறை அளந்தார். ஆறுதான். அந்தோணி விடவில்லை. குனிந்து சோபாவின் காலைப் பார்த்தார். தள்ளி நின்று ஒரு கண்ணை மூடிப் பார்த்தார்.

"மேடம், கோச்சிக்காதீங்க. சோபா மட்டத்துல இல்ல. எடது பக்கம் எறங்கினு இருக்குது. மட்டம் இல்லாத எடத்துல வெச்சி அளந்தா எந்த அளவும் நிக்காது மேடம்."

மேடை ஓரத்தில் முந்தின நாள் கல்யாணப் பத்திரிகைகள் மிச்சம் கிடந்தன. நாலைந்தை எடுத்து மடித்து, மகள் உட்கார்ந்திருக்க, சோபாவைத் தூக்கி இடது காலுக்கு அடியில் செருகினார். தட்டிப் பார்த்தார். "இப்போ பாருங்க மேடம்."

வரிசையில் இருந்தவர்கள் எழுந்து நின்று வேடிக்கை பார்த்தார்கள். டாக்டரம்மா மூன்றாவது முறை அளந்தார். சோபா மட்டமாகிவிட்டது. பல் அதே ஆறு.

"அப்பா, உங்க கஷ்டம் எனக்குப் புரியுது. ஆனா இருக்கறதைத்தான் நான் எழுத முடியும்." பேனாவை எடுத்து எழுதினார். '6 மி.மீ. தகுதி இல்லை.'

அந்தோணி பாக்கெட்டிலிருந்த டேப்பை ஒரு சாண் இழுத்தார், விட்டார். அது 'சரக்' என்று உள்ளே போனது. லூர்து மேரி புடவைத் தலைப்பால் மூக்கைத் துடைத்தார். நானும் சும்மாதான் நின்றேன். சும்மா நிற்கத்தானே வந்திருந்தேன்?

ஜெனிபர் எழுந்திருக்கவில்லை. எல்லாம் முடிந்துவிட்டது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. இனி யாருக்காக மெல்ல முடியாத பிள்ளையாக இருக்க வேண்டும்? பைக்குள் கையை விட்டாள். ஒரு மல்லாட்டையை எடுத்தாள். முன்பல்லில் வைத்தாள்.

'டக்.'

"அடிப் பாவி!" என்று லூர்து மேரி தலையில் அடித்துக்கொண்டார்.

அந்தச் சத்தத்தில் டாக்டரம்மா நிமிர்ந்தார். ஜெனிபர் பருப்பை மென்றுகொண்டிருந்தாள். டாக்டரம்மா அவள் முகத்தை உற்றுப் பார்த்தார். பேனாவைக் கீழே வைத்தார்.

"மெல்லு... மெல்லு... அப்படியே நிறுத்து. வாயை அசைக்காதே!"

ஸ்கேல் மறுபடி வந்தது. மேல் உதட்டை விரலால் விலக்கி அளந்தார். தலையைச் சாய்த்து மறுபடி பார்த்தார்.

"ஒம்போது."

யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. "இப்ப முழுங்கிட்டு சாதாரணமா கடி" என்றார் டாக்டரம்மா. ஜெனிபர் கடித்தாள். ஆறு. "இன்னொரு பருப்பு இருக்கா? மெல்லு." ஒன்பது.

டாக்டரம்மா சோபாவின் கைப்பிடியில் உட்கார்ந்தார். குரல் மாறிவிட்டது.

"வாயை மூடும்போதெல்லாம் கீழ்த்தாடையை முன்னாடி தள்ளிக்கறே. பல்லு உள்ள இருக்கற மாதிரி தெரியறதுக்கு. மெல்லும்போது மட்டும் அது முடியலே. சரிதானே?"

ஜெனிபர் தலையாட்டினாள்.

"எப்பலேருந்து?"

"அஞ்சாவதுலேருந்து."

"யாரு சொல்லிக் குடுத்தாங்க?"

"நானே கத்துக்கினேன். கண்ணாடியப் பாத்து."

"வலிக்காதா?"

"சாயங்காலம் ஆனா வலிக்கும். இங்க." காதுக்குக் கீழே தொட்டுக் காட்டினாள்.

லூர்து மேரி அவள் காட்டிய இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

முப்பது வருடம் செய்தி எழுதியவன் நான். வலி, காரணம், காலம் என்று எல்லாவற்றுக்கும் ஒரு கட்டம் போட்டு வைத்திருக்கும் விண்ணப்பங்களை நிறையப் பார்த்திருக்கிறேன். ஜெனிபரின் விண்ணப்பத்தை வாங்கிப் புரட்டிப் பார்த்தேன். துருத்தல் எத்தனை மில்லிமீட்டர் என்று கேட்டிருந்தது. அதை மறைக்க ஒரு பிள்ளை தினமும் எத்தனை மணி நேரம் தாடையைப் பிடித்துக்கொண்டிருக்கிறாள் என்று கேட்க அதில் இடமில்லை. மறைக்கத் தெரியாதவளாக இருந்திருந்தால் முதல் அளவிலேயே தேர்வாகியிருப்பாள். மூன்று வருடம் பிசகாமல் மறைத்ததால் மூன்று மில்லிமீட்டரை இழந்திருந்தாள்.

டாக்டரம்மா எழுதியதை அடித்தார். '9 மி.மீ. தகுதி உண்டு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

அந்தோணி தொண்டையைக் கனைத்தார். "மேடம், மூணு நூலுன்னா ஒம்போதரை வரணும். அரை கொறையுது."

"யோவ், சும்மா கெட!" என்றார் லூர்து மேரி.

டாக்டரம்மா இந்தமுறை சிரிப்பை அடக்கவில்லை. "நீங்க அளந்தது சரிதான்ப்பா. தூங்கும்போது அவ மறைக்கலே." பிறகு அச்சடித்த தாள் ஒன்றைக் கொடுத்தார். கம்பி கட்டிய பிறகு கவனிக்க வேண்டியவை. முதல் வரி: 'வேர்க்கடலை போன்ற கடினமான பொருள்களைக் கடிக்கக் கூடாது.'

லூர்து மேரிக்கு நான்தான் படித்துச் சொன்னேன். அவர் தாளை வாங்கித் திருப்பிப் பார்த்தார்.

"மல்லாட்டையக் காட்டி வாங்குன கம்பிக்கு, மல்லாட்டை ஆவாதா?"

ஆகாதுதான்... விதி.

இத்தோடு முடியவில்லை. கோப்பில் பழைய படம் இருக்கக் கூடாதாம். ஒன்பது மில்லிமீட்டர் தெரிகிற மாதிரி புதுப் படம் வேண்டுமாம். மறுநாள் சாயங்காலம் மறுபடியும் செல்வத்தின் ஸ்டூடியோ. வேறு ஸ்டூடியோவுக்குப் போகலாமே என்று கேட்டேன். "பாவம், அவருக்கும் ஒரு சான்ஸ் குடுக்கணும்" என்றார் அந்தோணி.

ஜெனிபர் ஸ்டூலில் உட்கார்ந்தாள். லைட் போட்டதுமே பழக்கம் வந்துவிட்டது. தாடை முன்னால் நகர்ந்தது. அவளே கவனித்துவிட்டாள். பையிலிருந்து ஒரு மல்லாட்டை எடுத்துக் கடித்து, மென்று, அப்படியே நிறுத்தி, உதட்டை விலக்கினாள். கை மடியிலேயே இருந்தது. ஃபிளாஷ்.

படம் கம்ப்யூட்டரில் விரிந்தது. செல்வத்தின் கை தன்னிச்சையாக மவுஸுக்குப் போனது. ஜெனிபர் ஸ்டூலிலிருந்து இறங்கி வந்து அவர் நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டாள்.

"அண்ணே, பல்லுல கை வெக்காதீங்க."

"சரி பாப்பா, சரி. நெத்தியில மட்டும் லைட்டா வெளிச்சம்..."

"அதுவும் வேணாம்."

செல்வம் பட்ட வேதனையை நான் என் கண்ணால் பார்த்தேன். நல்ல சமையல்காரனிடம் உப்பில்லாமல் பரிமாறச் சொன்ன மாதிரி. கடைசியில் முன்பல்லைப் பெரிதாக்கினார். அதன் நுனியில் ஒரு துணுக்கு மல்லாட்டைத் தோல், சிவப்பாக ஒட்டிக்கொண்டிருந்தது.

"இதையாச்சும் எடுத்துடட்டுமா? அழுக்கு மாதிரி தெரியுது பாப்பா."

"இருக்கட்டும்ணே" என்றாள் ஜெனிபர், வாயைக் கையால் மூடாமல். "அதுலதான் நான் பாஸ் பண்ணேன்."

அரசாங்கக் கோப்பில் எதையும் திருத்தாத ஒரே புகைப்படம், தோலோடு, இப்போது விழுப்புரத்தில் இருக்கிறது.